கிணற்றுக்கு அடியில் வாழும் குருட்டுக் கெளுத்தி

கேரளத்தில் கோட்டயம், திருச்சூர் பக்கத்து வீடுகளில் கிணற்றுத் தண்ணீரைப் பம்பு செட் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றி, குழாய் வழியே பிடிப்பது வழக்கம். அப்படிப் பிடிக்கும்போது எப்போதாவது ஒரு நாள் வாளிக்குள் சிவப்பு நூல் போன்ற ஒன்று நெளியும். நீளம் ஒரு தீக்குச்சி அளவுதான் இருக்கும். புழு என்று எண்ணித் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிடுவார்கள். உற்றுப் பார்த்தால்தான் அதற்கு வாயும் மீசையும் வாலும் இருப்பது தெரியும். கண் மட்டும் இராது.

அது புழு அல்ல, மீன். வயலிலும் குளத்திலும் விவசாயிகள் தினமும் காணும் கெளுத்திக்கும் தேளிக்கும் சொந்தக்கார மீன். பூமிக்கு அடியில், வெளிச்சம் எட்டாத நீரோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மடியும் மீன் இது. இதைப் பிடித்து விற்க முடியாது, குழம்பு வைக்கவும் முடியாது. ஆயினும் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கிணற்று நீரைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஓர் உண்மைக்கு இந்த மீன் சாட்சியாக இருக்கிறது.

மண்ணுக்குள் புகும் குடும்பம்

மண்ணுக்குள்ளும் மணலுக்குள்ளும் புகுந்துகொள்ளும் மீன்கள் தமிழக விவசாயிகளுக்குப் புதியவை அல்ல. ஆற்று மணலில் புதைந்து கிடக்கும் அயிரையையும் ஆரலையும் அறியாத கிராமம் இல்லை. கெளுத்தி இனத்திலும் இந்தக் குணம் உண்டு. கோடையில் குளம் வற்றிச் சேறாகும்போது தேளியும் நாட்டுக் கெளுத்தியும் ஈரச் சேற்றுக்குள் புகுந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும்.

செவுளால் மட்டும் மூச்சு விடும் மீன் சேற்றில் பிழைக்க முடியாது. தேளிக்குச் செவுள் அறையிலிருந்து வால் பக்கம் நோக்கி நீளும் இரண்டு காற்றுப் பைகள் இருக்கின்றன. நாட்டுக் கெளுத்திக்கு மரக்கிளை போல் பிரிந்த தனி உறுப்பு ஒன்று இருக்கிறது. இவற்றின் உதவியால் இந்த மீன்கள் நேராகக் காற்றையே சுவாசிக்கின்றன. சந்தைக்குக் கொண்டுபோகும் வரை கூடையில் உயிரோடு துடிப்பதும் இதனால்தான். தேளியின் மார்புத் துடுப்பில் உள்ள விஷ முள் குத்தினால் தேள் கொட்டியது போல் கடுக்கும் என்பதை நாற்றங்காலில் இறங்கியவர்கள் நன்கு அறிவார்கள்.

தேளிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர். ஆண்டு 1794. அவருக்குக் கிடைத்த மீன் தமிழ்நாட்டின் தரங்கம்பாடியிலிருந்து சென்றது. அவர் வைத்த பெயரில் உள்ள ‘பாசிலிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்று பொருள். மண்ணைத் தோண்டி எடுக்கும் மீன் என்ற அந்தப் பெயர் இந்தக் குடும்பத்துக்கே பொருந்தும்.

தேளியும் கெளுத்தியும் ஒரு பருவத்துக்கு மட்டும் மண்ணுக்குள் போய், மழை வந்ததும் வெளியே வந்துவிடும். அதே குடும்பத்தில் ஒரு கிளை மட்டும் நிலத்தடியிலேயே நிலையாகத் தங்கிவிட்டது. அந்தக் கிளைதான் கேரளத்துக் குருட்டுக் கெளுத்தி.

குருட்டுக் கெளுத்தியின் அடையாளம்

இந்த மீனைப் பற்றி முதன்முதலில் எழுதி உலகுக்கு அறிவித்தவர் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் மீன் ஆராய்ச்சியாளர் ஏ.ஜி.கே. மேனன். ஆண்டு 1950. மீன் கிடைத்த இடம் கோட்டயத்துக் கிணறு. அவர் இதற்கு ‘ஹோராகிளானிஸ் கிருஷ்ணாயி’ என்று பெயரிட்டார். விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர்லால் ஹோராவின் பெயர் அதன் முற்பாதியில் இருக்கிறது. ‘கிளானிஸ்’ என்பது கெளுத்தியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

மீனின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். உடல் மண்புழு போல் ஒல்லியாக நீண்டிருக்கும். தோலில் நிறமே கிடையாது. அதனால் உள்ளே ஓடும் இரத்தம் வெளியே தெரிந்து, மீன் இளஞ்சிவப்பாகவோ நல்ல சிவப்பாகவோ தோன்றும். மார்புத் துடுப்பு பெயருக்குத்தான் இருக்கிறது. வாயைச் சுற்றிக் கெளுத்திக்கே உரிய நான்கு ஜோடி மீசைகள் உண்டு. கண் அறவே இல்லை.

கண் எதனால் போயிற்று என்பது எளிதில் விளங்கக்கூடியதே. இருட்டில் கண்ணால் பயன் இல்லை. ஆனால் கண்ணை வளர்க்கவும் பேணவும் உடல் உணவைச் செலவிட வேண்டும். இரை அரிதாகக் கிடைக்கும் இடத்தில் அது வீண் செலவு. அங்கே கண் குறையுள்ள குஞ்சும் மற்றக் குஞ்சுகளுக்குச் சமமாகவே பிழைத்துக்கொள்ளும். எண்ணற்ற தலைமுறைகளுக்குப் பின் கண் முழுவதும் மறைந்துவிடுகிறது. தோலின் நிறம் போனதும் இதே விதமாகத்தான். கண்ணுக்குப் பதில் மீசையும் தோலின் உணர்ச்சியும் வழி காட்டுகின்றன.

நான்கு வகைகள், நான்கு பெயர்கள்

1950-க்குப் பின் அரை நூற்றாண்டு வரை இந்த ஒரு வகைதான் தெரிந்திருந்தது. 2004-இல் திருச்சூர் மாவட்டத்தில் இரண்டாவது வகை அறிவிக்கப்பட்டது. அதற்கு மீன்வள விஞ்ஞானி கே.எச். அலிக்குஞ்ஞியின் பெயர் சூட்டப்பட்டது. மீன் வளர்ப்போர் இவரை மறக்கக் கூடாது. 1957-இல் ஹீராலால் சௌத்ரியும் இவரும் சேர்ந்து கெண்டை மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்யும் முறையில் வெற்றி கண்டார்கள். இன்று பண்ணைக் குட்டைகளில் விடப்படும் கட்லா, ரோகு குஞ்சுகள் தாராளமாகக் கிடைப்பதற்கு அந்த முறையே அடிப்படை. அதன் நினைவாகவே ஜூலை 10-ஆம் தேதி தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மூன்றாவது வகை 2012-இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் திருச்சூர் மாவட்டத்தில்தான் கிடைத்தது. அதற்கு இராமேசுவரத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமின் பெயர் வைக்கப்பட்டது.

நான்காவது வகை 2023-இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஹோராகிளானிஸ் பாப்புலி’. ‘பாப்புலி’ என்றால் ‘மக்களுடைய’ என்று பொருள். இந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. நிலத்தடி மீனை வலை வீசித் தேட முடியாது. ஆராய்ச்சியாளர் எத்தனை திறமைசாலியானாலும் ஊரார் கிணற்றில் எல்லாம் காவல் இருக்க முடியாது. ஆகவே கேரளத்து ஆராய்ச்சியாளர்கள் மக்களிடமே போய், மீனின் படத்தைக் காட்டி, கண்டால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகளில் 47 புதிய இடங்களிலிருந்து குருட்டுக் கெளுத்தி பற்றிய தகவல் கிடைத்தது. தகவல் தந்தவர்கள் தூர் வாரியவர்களும், தொட்டி கழுவியவர்களும், வாளியில் கண்டதைக் கொட்டாமல் எடுத்து வைத்தவர்களுமே. அந்த மக்களுக்கு நன்றியாக வைக்கப்பட்ட பெயர் இது.

இந்தக் குருட்டுக் கெளுத்தி வகைகள் எல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கேரளத்துச் செம்புராங்கல் பூமியில் மட்டுமே காணப்படுகின்றன. உலகில் வேறெங்கும் இல்லை.

மீன் வாழும் வீடு

செம்புராங்கல்லைக் கேரளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். தமிழ்நாட்டிலும் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் இந்தக் கல் உண்டு. பூமிக்குள் இருக்கும்போது மிருதுவாக இருக்கும், கோடரியாலேயே வெட்டலாம். வெட்டி வெளியே வைத்தால் காற்றும் வெயிலும் பட்டு இறுகிவிடும். இந்தக் கல்லுக்கு விஞ்ஞான உலகில் ‘லேட்டரைட்’ என்ற பெயரைத் தந்தவர் பிரான்சிஸ் புக்கானன். அவர் மலபாரில் அங்காடிப்புரம் என்னும் ஊரில் இதைக் கண்டு, 1807-இல் வெளியான தம் நூலில் எழுதினார். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இதே புக்கானன்தான் 1822-இல் கங்கை நதியின் மீன்களைப் பற்றியும் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர். தாம் பெயரிட்ட கல்லுக்குள்ளேயே மீன் வாழ்வது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

செம்புராங்கல்லை உடைத்துப் பார்த்தால் கறையான் புற்றை வெட்டியது போல் உள்ளே துளைகளும் சிறு குழாய்களும் நிறைந்திருக்கும். மழை நீர் இந்தத் துளைகள் வழியே இறங்குகிறது. கல்லுக்கு அடியில் வெண்மையும் மஞ்சளுமான களிமண் படுகை இருக்கும். அதற்குக் கீழே நீர் எளிதில் இறங்காது. அதனால் கல்லுக்கும் களிமண்ணுக்கும் நடுவே நீர் பக்கவாட்டில் ஓடத் தொடங்குகிறது. கிணறு தோண்டும்போது இந்த ஓட்டத்தைத்தான் ஊற்றுக்கண் என்று காண்கிறார்கள். குருட்டுக் கெளுத்தியின் வீடு இதுதான்.

அங்கே வெயில் இல்லாததால் பாசியோ செடியோ வளராது. மேலேயிருந்து மழை நீரோடு இறங்கும் மக்கிய சருகுத் துகளும், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களும், அவற்றைத் தின்னும் மிகச் சிறிய பிராணிகளுமே அந்த உலகத்தின் சாப்பாடு. ஆகவே மேலே நிலத்தில் மரமும் மக்கும் இருந்தால் கீழே உயிர் இருக்கும். மேலே விஷம் கொட்டினால் கீழே அது போய்ச் சேரும்.

மற்றச் சொந்தங்கள்

கேரளத்து நிலத்தடியில் வாழ்வது குருட்டுக் கெளுத்தி மட்டுமல்ல. 2011-இல் திருச்சூர் மாவட்டத்திலிருந்து ‘கிரிப்டோகிளானிஸ் ஷாஜி’ என்ற இன்னொரு கெளுத்தி அறிவிக்கப்பட்டது. அதற்குக் கண் உண்டு, ஆனால் தோல் மூடியிருக்கும். அதன் எலும்பு அமைப்பு வேறு எந்தக் கெளுத்தியோடும் ஒத்துப்போகாததால் விஞ்ஞானிகள் பெரிதும் வியந்தார்கள்.

விரால் மீனுக்கும் நிலத்தடியில் சொந்தம் இருப்பது 2019-இல் தெரியவந்தது. ‘ஈனிக்மாசன்னா’ என்ற அந்த மீன் மலப்புரம் மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது. அயிரையின் சொந்தமான ‘பாஞ்சியோ’ இனத்திலும் இரண்டு நிலத்தடி வகைகள் இருக்கின்றன. ஒன்று கோழிக்கோட்டுக் கிணற்றில் கிடைத்து 2019-இல் அறிவிக்கப்பட்டது. மற்றொன்று செங்கன்னூர் பக்கம் வீட்டுக் குழாய் வழியே வாளிக்கு வந்தது. பாதாளத்தில் வாழ்வதால் அதற்குப் ‘பாதாளா’ என்றே 2022-இல் பெயர் வைத்தார்கள். கெளுத்தி, விரால், அயிரை என்று வயலில் காணும் மீன்களுக்கெல்லாம் பூமிக்கு அடியிலும் ஒரு பங்காளி இருப்பது அதிசயமே.

வெளிநாடுகளிலும் இது போன்ற கெளுத்திகள் உண்டு. பிரேசில் நாட்டில் அமேசான் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மராஜோ என்ற பெரிய தீவு இருக்கிறது. அங்கே கையால் தோண்டிய கிணறுகளில் சிவப்பு நிறமான சிறு கெளுத்தி ஒன்று கிடைப்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அமேசானின் கிளை ஓடைகளில் வாழும் வேறொரு கெளுத்தி வகை ஆற்று மணலுக்குள்ளேயே காலம் தள்ளுகிறது. நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். உடல் கண்ணாடி போல் இருப்பதால் மணலை அள்ளிச் சலித்தால்தான் கண்ணில் படும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஆயிரம் அடிக்கும் ஆழமான ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இரண்டு வகைக் குருட்டுக் கெளுத்திகள் நீரோடு வெளியே வந்திருக்கின்றன.

ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் ஐகமாஸ் என்ற குகை உண்டு. அந்தக் குகைக்குள் உள்ள ஒரே ஏரியில் மட்டும் ஒரு குகைக் கெளுத்தி வாழ்கிறது. அது நாட்டுக் கெளுத்திக்கு மிக நெருங்கிய சொந்தம். அந்த ஏரியின் நீர்மட்டம் குறைந்தால் அந்த மீனுக்குப் போக வேறு இடம் இல்லை. நீரை இறைத்து எடுப்பதே அதற்குப் பெரிய ஆபத்து என்று கருதப்படுகிறது.

கிணறு தனி அண்டா அல்ல

இந்த மீன்கள் சொல்லும் பாடம் ஒன்றுதான். கிணறு என்பது அவரவர் வீட்டு அண்டா அல்ல. பூமிக்கு அடியில் ஓடும் ஒரு பொது நீரோட்டத்தைப் பார்ப்பதற்கு வெட்டிய ஜன்னல் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

குருட்டுக் கெளுத்தியைக் கிணற்றில் யாரும் விடவில்லை. அது ஊற்றுக்கண் வழியே தானாக வந்தது. ஒரு மீன் வரும் அளவுக்கு வழி இருக்கிறது என்றால், அந்த வழியே உப்பும் மருந்தும் சாக்கடையும்கூட வரும். இந்தத் தோட்டத்தில் கொட்டியது அடுத்த தோட்டத்துக் கிணற்றுக்குப் போகும். அங்கே கொட்டியது இங்கே வரும். வரப்பு மேலேதான் இருக்கிறது, கீழே வரப்பு இல்லை.

காட்டில் வாழும் யானைக்கும் புலிக்கும் அரசாங்கம் சரணாலயம் அமைத்துக் காவல் போடுகிறது. குருட்டுக் கெளுத்திக்கு அப்படிச் செய்ய இயலாது. அது தனியார் வீட்டுக் கொல்லைக்கும், பாக்குத் தோப்புக்கும், ரப்பர் தோட்டத்துக்கும் அடியில் வாழ்கிறது. அதற்குக் காவல் கிணற்றுக்காரரைத் தவிர வேறு யாரும் இல்லை. அதைக் காப்பதும் சொந்தக் குடிநீரைக் காப்பதும் ஒரே வேலைதான்.

கேரளத்தில் இந்த மீனுக்கு வந்திருக்கும் ஆபத்துகள் தமிழகக் கிணறுகளுக்கும் வந்திருப்பவையே. கல்லுக்காகச் செம்புராங்கல் குன்றுகளை வெட்டி எடுத்தால், மழை நீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு போன்ற படிவம் போய்விடுகிறது. சுற்றியுள்ள கிணறுகள் வற்றுகின்றன. குழாய்த் தண்ணீர் வந்ததும் பழைய கிணறுகளைக் குப்பை கொட்டி மூடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு மேல் ஊற்றை வற்ற வைக்கிறார்கள். உரமும் பூச்சி மருந்தும் அளவில்லாமல் நிலத்தில் இறங்குகின்றன.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

செம்புராங்கல் பூமியானாலும் சரி, கரிசல், செம்மண் பூமியானாலும் சரி, கிணற்று நீரைக் காக்கக் கீழ்க்கண்ட முறைகளைக் கடைப்பிடிக்கலாம்.

1. கிணற்றைச் சுற்றி மூன்று அடி உயரத்துக்குக் குறையாமல் கைப்பிடிச் சுவரும், வெளிப்புறம் சாய்வாகச் சிமெண்டுத் தளமும் அமைக்க வேண்டும். மேல் நீர் நேராக உள்ளே வழியக் கூடாது.

2. கக்கூஸ் குழி, எருக்குழி, மாட்டுத் தொழுவம் ஆகியவை கிணற்றிலிருந்து 15 மீட்டருக்கு, அதாவது 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். துளை நிறைந்த செம்புராங்கல் பூமியில் இன்னும் தள்ளி அமைப்பது நல்லது.

3. மருந்து தெளிக்கும் கருவியைக் கிணற்று மேட்டில் கழுவக் கூடாது. காலி மருந்து டப்பாவைக் கிணற்றுக்குள் விட்டு நீர் மொள்ளவே கூடாது. கழுவிய நீரை, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத இடத்தில் பயிருக்கே தெளித்துவிடலாம்.

4. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்து, மண்ணில் ஈரம் பார்த்து இட வேண்டும். பயிர் எடுத்தது போக மீந்த யூரியா நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறிய நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு செய்யும். தொழு உரமும் பசுந்தாள் உரமும் கலந்து இட்டால் யூரியாச் செலவும் குறையும்.

5. கூரை மழை நீரைக் கிணற்றுக்கு விடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழை நீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. திருச்சூர் மாவட்டத்தில் 2008 முதல் ‘மழப்பொலிமா’ என்ற திட்டத்தில் கூரை நீரைத் திறந்த கிணறுகளுக்கே திருப்பிவிட்டு, கோடையில் வற்றிய கிணறுகளில் நீர் நிற்கச் செய்திருக்கிறார்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வரும் நீரை ஜல்லி, மணல், அடுப்புக்கரி போட்ட தொட்டி வழியே வடித்து விட வேண்டும்.

6. பழைய கிணற்றைக் குப்பைக் குழியாக்கக் கூடாது. அது ஊர் நீரோட்டத்தின் வாயில் விஷத்தைக் கொட்டுவதாகும். நீர் தேவைப்படாவிட்டாலும் வலை போட்டு மூடி, மழை நீர் இறங்கப் பயன்படுத்தலாம்.

7. கிணற்றில் விரால் போன்ற இரை பிடிக்கும் மீன்களை விட வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எங்கும் வளர்க்கக் கூடாது. அதன் வளர்ப்புக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. கிடைத்ததை எல்லாம் விழுங்கும் அந்த மீன் ஓடையிலும் குளத்திலும் தப்பிவிட்டால் நாட்டுக் கெளுத்திக்கும் தேளிக்கும் இடம் இராது.

8. பம்பு செட்டின் ஃபுட் வால்வுக்கு நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டினால் சிறு மீன்கள் உறிஞ்சப்பட்டு மடிவது குறையும். குப்பை அடைத்துக்கொள்வதும் தவிர்க்கப்படும்.

பிளீச்சிங் பவுடர் போடும் அளவு

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது நோய்க்கிருமிகளைக் கொல்ல அவசியமான முறை. வெள்ளத்துக்குப் பின்னும், காலரா, வாந்தி பேதி பரவும் போதும் தயங்காமல் போட வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கிலோக் கணக்கில் கொட்டுவது தவறு. குளோரின் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லக்கூடியது. மிதமிஞ்சிப் போட்டால் நீர் குடிக்க முடியாமல் நாறுவதோடு பணமும் வீண்.

சாதாரணமாக 1000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். கிணற்றில் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது என்று கணக்கிடுவது எளிது. வட்டக் கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்க வேண்டும். அதை நீரின் ஆழத்தால் பெருக்கி, பின் 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்.

உதாரணமாக, குறுக்களவு 10 அடி, நீரின் ஆழம் 12 அடி என்றால் 942 கன அடி நீர் இருக்கும். அது சுமார் 26,660 லிட்டர். அதற்குத் தேவையான பவுடர் சுமார் 67 கிராம்தான். கை நிறைய அள்ளினாலே அந்த அளவு வந்துவிடும்.

பவுடரை வாளியில் போட்டுச் சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்க வேண்டும். ஐந்து, பத்து நிமிடங்களில் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நீரை உபயோகிக்கலாம். நோய் பரவும் காலத்தில் சுகாதார ஊழியர்கள் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும். மற்றக் காலங்களில் குடிக்கும் நீரைக் காய்ச்சிக் குடித்தால் அடிக்கடி கிணற்றில் பவுடர் போட வேண்டிய தேவையே இராது.

மீனைக் கண்டால்

தூர் வாரும்போதோ தொட்டி கழுவும்போதோ கண்ணில்லாத, நிறமில்லாத மீன் எதையாவது கண்டால் கொட்டிவிட வேண்டாம். அது விஷ ஜந்து அல்ல, நீர் கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளமும் அல்ல. அதே கிணற்று நீரில், மூடிய பாத்திரத்தில் நிழலில் வைத்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, கண்ட இடத்தையும் நாளையும் எழுதிவைக்கலாம். கேரளத்தில் கொச்சிக்கு அருகே பனங்காட்டில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும், தமிழ்நாட்டில் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் தகவல் தரலாம். தகவல் தந்த பின் மீனை அதே கிணற்றில் விட்டுவிடலாம். கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முயல்வது வீண்.

குருட்டுக் கெளுத்தியின் நான்கு வகைகளில் ஒன்றுக்கு மக்களின் பெயர் கிடைத்தது, கிணற்றுக்காரர்கள் வாளியைக் கவிழ்க்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து பார்த்ததனால்தான். கிணற்று நீரைக் காப்பாற்றவும் அந்த ஒரு நிமிடக் கவனமே தேவை. மருந்து டப்பாவைக் கிணற்று மேட்டில் வைக்கும் முன்பும், யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன்பும், பாழுங்கிணற்றில் குப்பையைக் கொட்டும் முன்பும் அந்த ஒரு நிமிடம் குனிந்து பார்ப்பது நல்லது. கீழே ஓடுவது ஊருக்கெல்லாம் பொதுவான தண்ணீர்.